முன்பெட்டியில் ஒரு பழைய பங்கா

போன ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இட்லி அரிசியும் அப்பளமும் வாங்கிக்கொண்டு லக்ஷ்மிபாய் நகர் வழியாக நடந்து வந்தேன். பூங்காவில் ஒருவர் தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு புல் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷினிலிருந்து நீலமாகப் புகை வந்தது. பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து எரிகிற வாசனை. பழைய ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் போன பிறகு தில்லியில் அந்த வாசனை அநேகமாக இல்லை. நான் பையைக் கீழே வைத்துவிட்டு வேலிப் பக்கம் நின்றேன்.

ஆயில் கொஞ்சம் அதிகம் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். புகை அவ்வளவு நீலமாக இருக்கக் கூடாது. சொல்லவில்லை. நான் அப்படித்தான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் 'ரோக்கோ' என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அதனால் எனக்குக் காலில் நல்ல பலம்.

அந்த வாசனை என் கையிலும் சட்டையிலும் சாப்பாட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. இருபத்தாறு வயதில் யமுனையில் அரசாங்க வெள்ள ஆபீசின் மோட்டார் படகு ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. வெள்ளம் வந்தால் ஆற்றுக்குள் இருக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வராத நாட்களில் படகைக் கழுவ வேண்டும். நேர்முகத்தில் நீச்சல் தெரியுமா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். விழுப்புரம் பக்கம் மாமா ஊர்க் கிணற்றில் ஒரு கோடை விடுமுறையில் கற்றது. தெரியும் என்று தலையை ஆட்டினேன். இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு அந்த வேலை கிடைத்திருக்காது.

அப்போது நாங்கள் ஜங்புரா மதராசி கேம்ப்பில், நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டி இருந்தோம். மழைக்காலத்தில் தண்ணீர் எந்த வேகத்தில் ஏறும் என்பது எங்கள் வாசற்படியைப் பார்த்தே தெரிந்துவிடும். படகு வேலைக்கு அதுவும் ஒரு படிப்புதான் என்று அம்மா சொல்வாள்.

படகின் என்ஜினை ஓட்டியவன் சேவியர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். என் வயதுதான். நான் முன்னால் நிற்பேன். கயிறு வீசுவது, மூங்கிலால் உந்துவது, ஏறுகிறவர்களை எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வது என் வேலை. இந்தக் கடைசி வேலையை மட்டும் நான் கையாலேயே செய்வேன். டிராபிக் போலீஸ்காரன் மாதிரி கையைக் காட்டுவேன்.

"ஏல, வாய அடகு வச்சிட்டியா? வாயத் தொறந்து சொல்லுல!" என்று சேவியர் பின்னாலிருந்து கத்துவான். நான் கையை இன்னும் வேகமாக ஆட்டுவேன்.

யமுனையில் படகு ஓட்டுவது கடலில் ஓட்டுவது போல இல்லை என்று அவன் தினமும் புலம்புவான். என்ஜினுக்கு அடியில் தண்ணீரைத் தள்ளுகிற புரொப்பல்லரை நாங்கள் பங்கா என்போம். ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். பூஜை நாட்கள் முடிந்த மறு வாரம் பங்காவில் சிவப்புத் துணி சுற்றிக்கொள்ளும். சாமிக்குச் சாத்திய சரிகைத் துப்பட்டாக்கள். ஒரு தடவை ஒரு மாப்பிள்ளைத் தலைப்பாகை முழுசாக வந்தது. அறுத்தெடுக்க இடுப்பில் கத்தி வைத்திருப்பான் சேவியர். ஒவ்வொரு தடவை அறுக்கும்போதும் சிலுவை போட்டுக்கொள்வான். "யாரு சாமியா இருந்தா என்ன, துணிய அறுக்கோம்லா" என்பான்.

பூரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய இரும்புப் பாலத்துக்குக் கீழ்ப்புறம், ஆற்றின் நடுவில் ஒரு திட்டு இருந்தது. பூரனும் அவன் மனைவி மாயாவும் இன்னும் ஐந்தாறு சொந்தக்காரர்களும் அங்கே முள்ளங்கியும் செண்டுமல்லியும் போட்டிருந்தார்கள். தண்ணீர் குடிசையைத் தொடுகிற வரை கிளம்ப மாட்டார்கள். பாதிப் பயிரையாவது பிடுங்கிவிடலாம் என்ற ஆசை. கடைசி நேரத்தில் நாங்கள் போய் ஏற்றிவர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். வெள்ளத்தில் கரையோரம் முழுக்க முங்கிய முள்ளும் வேலிக்கம்பியுமாக இருக்கும். படகு ஒதுங்க முடிந்தது பாலத்துக்கு மேலே இருந்த படித்துறை ஒன்றில்தான். அதாவது போகும்போது காலிப் படகு ஓட்டத்தோடு போகும். வரும்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டத்தை எதிர்த்து, பாலத்துத் தூண்களுக்கு நடுவே ஏற வேண்டும். அந்த இடத்தில் ஆறு குறுகிப் பாயும்.

நான் சேர்ந்த முதல் வருஷ வெள்ளத்தில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு பாலத்தடிக்கு வந்தோம். சேவியர் என்ஜினை முழுசாக முறுக்கினான். சத்தம் மட்டும் மேலே போனது. படகு நின்ற இடத்தில் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் நழுவியது. நான் என் தோளுக்கு நேராக இருந்த தூணின் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முன்னால் போய்விட்டது. திரும்பவும் அவர்களைத் திட்டிலேயே இறக்கிவிட்டு, இரண்டு இரண்டு பேராகக் கொண்டுபோனோம். பொழுது போய்விட்டது. பூரனும் மாயாவும் மட்டும் காவல் பரண்மேல் ஒரு ராத்திரி முழுக்க இருந்தார்கள். விடிந்ததும் போய் அழைத்துவந்தோம். அவர்களுடைய கன்றுக்குட்டியைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது.

பூரன் எங்களைத் திட்டவில்லை. பனிக்காலத்தில் ஒரு கட்டு முள்ளங்கி கொண்டுவந்து படகில் வைத்தான். "அடுத்த வருஷம் இந்தப் படகு ஏறுமா, பையா?" என்று மட்டும் கேட்டான். பையா என்றால் அண்ணா. சேவியர் ஏறும் என்றான். நான் முள்ளங்கியைக் கழுவினேன்.

என்ஜின் மூடியில் 25 என்று பெரிதாக எழுதியிருக்கும். இருபத்தைந்து குதிரைச் சக்தி. வேறு என்ஜின் கேட்டு எழுதிப் பார்த்தார்கள், வரவில்லை. அப்போதுதான் சேவியர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஊரில் இருந்த அண்ணனுக்கு போன் செய்தான். அண்ணனுக்குச் சொந்தமாக ஃபைபர் படகு உண்டு. சேவியர் பேசி முடித்து வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"ஏல, இது இருவத்தஞ்சு இல்லல. முப்பது! ஒரே மிஷின்தானாம். தொண்டைல ஒரு தகட்ட வச்சு அமுக்கியிருக்கான். எங்க ஊர்ல எல்லாவனும் கழத்தி எறிஞ்சிட்டுத்தான் கடலுக்குப் போவானாம்."

அடுத்த வாரம் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தோம். அண்ணன் சொன்னது சரிதான். பீடிக்கட்டு அகலத்தில் ஒரு மெல்லிய தகடு, நடுவில் சின்ன ஓட்டை. அந்த ஓட்டை அளவுக்குத்தான் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும். தகட்டை எடுத்துவிட்டால் மூச்சு பெரிதாகும். கூடவே பெட்ரோல் பாய்கிற ஜெட் என்ற குட்டிப் பித்தளைத் திருகையும் பெரிதாக மாற்ற வேண்டும். கஷ்மீரி கேட் சந்துகளில் இரண்டு நாள் அலைந்தோம். கார் ஜெட், ஸ்கூட்டர் ஜெட் எல்லாம் கிடைத்தது. இது கிடைக்கவில்லை. கடைசியில் சேவியரின் அண்ணன் ஊரிலிருந்து ரயிலில் வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். கருவாட்டுப் பொட்டலத்துக்குள் ஜெட். அதுவும் போதாதென்று சாக்கில் கட்டிய ஒரு பங்கா. எங்களுடையதைவிட அதன் இறக்கைகளுக்குச் சாய்வு அதிகம். ஒரு சுற்றுக்கு அதிக தூரம் தள்ளும்.

அந்தப் பங்கா விஷயமாக நடந்த போன் பேச்சில் நானும் பூத்துக்கு வெளியே நின்றிருந்தேன். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. அண்ணன் கேட்டதைச் சேவியர் திருப்பிச் சொல்லிக்கொண்டே பேசுவான்.

"எத்தன பேரு ஏறுவோமா? ரெண்டு பேருதான். நானும் இவனும்."

அவன் பொய் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் வருகிற ஒத்திகையை மனதில் வைத்துச் சொன்னான். வருஷா வருஷம் பெரிய அதிகாரிகள் படித்துறையில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். நாங்கள் காலிப் படகை மிதவை வரை ஓட்டிப்போய்த் திரும்ப வேண்டும். ஒருவர் கையில் கடிகாரத்தோடு நிற்பார். அந்த ஒரு மாதமாக எங்களுக்கு அதே பேச்சுதான். எங்கள் ஜூனியர் என்ஜினியர் ஜே.ஈ. சாப் தினமும் வந்து, "படகு பறக்கணும். எப்படின்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதே" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போவார். ரெண்டு பேர் இல்லை, போன வருஷம் எட்டுப் பேர் என்று கதவைத் தட்டிச் சொல்ல எனக்குத் தோன்றியது. அண்ணன் தம்பி பேசுகிறார்கள், நடுவில் எப்படிப் புகுவது என்று நின்றுவிட்டேன்.

தகட்டைக் கழற்றி, ஜெட்டை மாற்றி, புதுப் பங்காவைப் போட்டோம். தகட்டைச் சேவியர் என்னிடம் கொடுத்தான். "நீ வச்சுக்கோல. ஒன் தொண்டைலயும் இதே மாரி ஒண்ணு இருக்கு. அதக் கழத்தத்தான் ஒரு மெக்கானிக்கும் இல்ல."

பழைய பங்காவை ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவரச் சொன்னான். அங்கே இருந்த குமாஸ்தாவை ஸ்டோர் பாபு என்போம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்று, "ஆயியே ஆயியே, மதராசி ஹீரோ! இன்னிக்கு ஒரு டயலாக் சொன்னாத்தான் கையெழுத்து" என்பார். பத்துப் பேர் சிரிப்பார்கள். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் பொழுது போக வேண்டுமே. ஆனால் அன்று என்னால் முடியவில்லை. பங்காவைச் சாக்கில் சுற்றிப் படகின் முன்பெட்டியில் கயிறுகளுக்கு அடியில் தள்ளிவிட்டேன். குடுத்தாச்சா என்று சேவியர் கேட்டதற்குத் தலையை ஆட்டினேன். நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு என்பது எனக்கு எப்போதும் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நாள்.

ஒத்திகை பிரமாதம். படகு மூக்கைத் தாழ்த்தித் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போனது. கடிகாரக்காரர் இரண்டு தடவை பார்த்தார். திரும்பி வந்து நிறுத்தியபோது எங்கள் அலை படியேறி ஜே.ஈ. சாப்பின் புதுச் செருப்பை நனைத்தது. அவர் கோபப்படவில்லை. "அரே வாஹ்!" என்று எங்களுக்கு லட்டு கொடுத்தார். அன்று மாலை பூரனும் வந்து என்ஜினைச் சுற்றிப் பார்த்தான். "இப்ப ஏறும்" என்று சேவியர் அவன் முதுகில் தட்டினான்.

ஆகஸ்டில் தண்ணீர் வந்தது. மேலே அணையில் திறந்துவிட்டால் தில்லிக்கு வர ஒன்றரை நாள் போல ஆகும். தெரிந்துதான் வரும். ஆனாலும் பூரன் கிளம்பவில்லை. நாங்கள் திட்டுக்குப் போனபோது குடிசைக்குள் முழங்கால் தண்ணீர். ஒன்பது பேர், மூன்று ஆடுகள், ஒரு கயிற்றுக்கட்டில். கட்டிலை விடச் சொல்லிக் கையைக் காட்டினேன். ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

புறப்பட்டதுமே சத்தம் வேறாக இருந்தது. என்ஜின் ஓடாமல் முனகியது. மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தண்ணீரில் அழுந்தி, படகு ஆற்றை உழுதது. பாலத்தடிக்குப் போகக்கூட முடியவில்லை. போன வருஷம் போன இடத்தையும் எட்டவில்லை.

மாயா ஆட்டை மடியில் வைத்திருந்தாள். "பையா, இந்த வருஷமும் திரும்ப அங்கேயே விடப் போறீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தயாராக இருந்துகொள்ளலாம் என்பதற்காகக் கேட்ட மாதிரி இருந்தது. பூரன் எங்களைப் பார்க்காமல் பரணைப் பார்த்தான்.

சேவியருக்குப் புரிந்துவிட்டது. "பங்காதான்ல. சாய்வு கூடிப்போச்சு. ரெண்டு பேரத் தள்ளும், பதினோரு பேர எங்க தள்ளும்? நான்தான் அண்ணங்கிட்ட ரெண்டுன்னு சொன்னேன்." வாயில் வந்த கெட்ட வார்த்தையை மாயாவுக்காக விழுங்கினான். "பழசு ஸ்டோர்ல கெடக்கு. அங்க போயி எடுத்துட்டு வர்றதுக்குள்ள பரணும் முங்கிரும்."

நான் முன்பெட்டிமேல் கையை வைத்தேன். வெட்கமாக இருந்தது.

"ஸ்டோர்ல இல்ல" என்றேன்.

"என்னது?"

"குடுக்கல. முன்பெட்டில இருக்கு."

"குடுத்தாச்சுன்னு தலைய ஆட்டுனியே ல?"

"ஆட்டினேன்."

சேவியர் என்னையே பார்த்தான். "ஒன் கூச்சத்துல இடி விழ!" என்றான். உடனே, "நல்லா இருப்பல நீ. எடு, எடு, ஜல்தி!" என்றான்.

படகைத் திரும்பத் திட்டுக்கு நழுவவிட்டுப் பரண் காலில் கட்டினோம். இடுப்பளவு தண்ணீர். பங்காவை மாற்ற என்ஜினைத் தூக்கிச் சாய்க்க வேண்டும். அதற்குப் பின்பக்கம் எழும்ப வேண்டும். எல்லோரும் முன்னால் போக வேண்டும். நான் கையைக் காட்டினேன். பயந்துபோன ஜனங்கள் யாரும் கையைப் பார்க்கவில்லை. என்ஜின் பக்கமே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆகே!" என்று ஒரு குரல் கேட்டது. "சப் ஆகே ஆவோ! முன்னால வாங்க எல்லாரும்!" என்னுடையதுதான். ஹிந்தியும் தமிழும் கலந்து வந்தது. ஆடுகள் உட்பட எல்லோரும் முன்னால் வந்துவிட்டார்கள்.

சேவியர் தண்ணீரில் நின்று நட்டைக் கழற்றினான். ஒரு வாஷர் கை தவறினால் யமுனையோடு போய்விடும். மாயா தானாகவே இறங்கி வந்து, தன் முக்காட்டுத் துணியான ஓட்னியை விரித்து அவன் கைக்குக் கீழே ஏந்தினாள். நட்டு, வாஷர், ஒவ்வொன்றும் அந்தத் துணியில் விழுந்தது. நட்டு நழுவாமல் பிடிக்கிற கம்பிப் பின் மட்டும் நிமிர்த்தும்போது ஒடிந்தது. பூரன் ஒரு ஆட்டின் கழுத்து மணியைக் கழற்றி, அதன் கம்பியை உருவிக் கொடுத்தான். சேவியர் அதை மடக்கிச் செருகி முறுக்கினான். மணியை மாயா வாயில் கவ்விக்கொண்டாள். இரண்டு கைகளிலும் துணி இருந்ததே.

பிறகு சொல்ல அதிகம் இல்லை. பழைய பங்கா, புது மூச்சு. என்ஜின் இப்போது முனகவில்லை, கத்தியது. பாலத்தடியில் ஒரு கல் என் தோளுக்கு நேராக வந்து நின்றது. நான் அதையே பார்த்தேன். அது பின்னால் போனது. அடுத்த கல் வந்தது. நடக்கிறவன்கூட எங்களை முந்தியிருப்பான். ஆனால் ஏறினோம். பதினோரு பேரும் மூன்று ஆடுகளும் ஒரே தடவையில். படித்துறையில் இறங்கியதும் பூரன் ஆடுகளை எண்ணினான். கட்டில் போய்விட்டதே என்று மாயாதான் என்னைத் திட்டினாள்.

அதற்குப் பிறகு எங்களிடம் இரண்டு பங்கா. ஒத்திகைக்கு முந்தின நாள் ஒன்றைப் போடுவோம், முடிந்த மறுநாள் மற்றதைப் போடுவோம். சாப் பங்கா, பூரன் பங்கா என்று சேவியர் பேர் வைத்தான். எதைப் போட்டிருக்கிறோமோ அது போக மற்றது முன்பெட்டியில் சாக்கில் இருக்கும். ஆபீசில் யாருக்கும் தெரியாது. ஸ்டோர் பாபு ஓய்வு பெறும் நாளில்கூட நான் போய்ச் சொல்லவில்லை.

சேவியர் கல்யாணம் ஆகி ஊருக்குப் போனான். பிறகு மஸ்கட் என்று கேள்வி. என்னைப் பம்ப் ஹவுசுக்கு மாற்றினார்கள். அங்கே மோட்டார் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, எனக்குப் பிடித்துப்போயிற்று. திட்டில் இப்போது பயிர் இல்லை. பூரன் குடும்பம் எங்கே போனது என்று தெரியவில்லை. கேம்ப்பும் இல்லை. இடிப்பதற்கு முன்னால் சாமான்களை அள்ளிய அவசரத்தில் அந்தத் தகடும் எங்கோ போய்விட்டது.

சில வருஷம் முன்னால் பெரிய வெள்ளம் வந்ததல்லவா, அப்போது பாலத்துப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போனேன். கீழே ஒரு ஆரஞ்சு நிறப் படகு. புது என்ஜின், புகையே இல்லை, வாசனையும் இல்லை. நிறைய ஜனம். மூக்கு தூக்கியிருந்தது, பின்பக்கம் அழுந்தியிருந்தது, சத்தம் அடக்கமாக முனகியது. படகு நின்ற இடத்தில் நின்றது. எனக்குத் தெரிந்த சத்தம்.

"ஆகே!" என்று கத்தினேன். "சப் ஆகே பைட்டோ! முன்னால உக்காருங்க!" பக்கத்தில் நின்றவர் திடுக்கிட்டு, "அங்கிள், உங்க வீட்டு ஆளா?" என்று கேட்டார். கீழே யாருக்கும் கேட்கவில்லை. படகு நழுவிப் பின்னால் போனது. பிறகு இன்னொரு படகு வந்து பாதிப் பேரை மாற்றி ஏற்றிக்கொண்டது. எல்லோரும் கரை சேர்ந்தார்கள்.

நான் சுற்றிக்கொண்டு படித்துறைக்கு இறங்கிப் போனேன். படகுப் பையன்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்ன என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குனிந்து முன்பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கயிறு ஒரு சுருள், தண்ணீர் பாட்டில் இரண்டு. கயிற்றையும் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒன்றும் இல்லை.